ஒருமுறை மட்டும் கேட்கப்படும்

ஒரு மனிதரிடம் ஒரு கேள்வியை ஒரு முறைதான் கேட்கலாம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்கப்புறம் எந்தத் திரையும் அவரிடம் அதே கேள்வியைக் கேட்கக் கூடாது.

இணைய உலாவிகளுக்கான இந்தப் புதிய விதி ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தபோது, அந்தோணியார்புரத்தில் ஜெனோவா அளவுக்குச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இல்லை. கடற்கரைச் சாலையில் இ-சேவை மையம் நடத்துகிறவள் அவள். பதினொரு வருஷமாக அவளுடைய நாளில் பாதி, குறுக்கே வந்து விழும் கட்டங்களை மூடுவதிலேயே போயிருந்தது. ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தால், உங்கள் இருப்பிடத்தை அறியலாமா, செய்தி அனுப்பலாமா, சலுகைகளைச் சொல்லலாமா என்று வரிசையாகக் கேட்கும். எதிரே எட்டுப் பேர் வியர்த்து நிற்பார்கள். ஜெனோவா எதையும் படிப்பதில்லை. கட்டம் தோன்றிய கணமே அவளுடைய வலது ஆள்காட்டி விரல் 'வேண்டாம்' மேல் இறங்கிவிடும். ஒரு விண்ணப்பம் மூன்று நிமிஷம். பக்கத்து ஊர் மையத்தில் அதற்கு இருபது நிமிஷம் ஆகும். அதனாலேயே கூட்டம் இங்கே வந்தது.

விண்ணப்பிப்பவர் யார் என்பதை உலாவி முகத்தை வைத்துத்தான் அறியும் என்பதால், அவள் மேசையில் கேமரா எப்போதும் வந்தவர்கள் பக்கம் திரும்பியிருக்கும். முகம் அவர்களுடையது, விரல் இவளுடையது. இதில் ஏதாவது தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. எல்லா ஊரிலும் எல்லா மையத்திலும் அப்படித்தான் நடந்தது. அவளிடம் சொந்தமாக இருந்தது பொத்தான் வைத்த ஒரு பழைய போன் மட்டும். நாள் முழுக்கத் திரையோடு மாரடிக்கிறவளுக்கு வீட்டிலும் இன்னொன்று வேண்டியிருக்கவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் மீன்பிடி வள்ளங்களுக்குத் திரை வந்தது. கரையிலிருந்து பேசும் பழைய வயர்லெஸ் கோபுரத்தை அதற்கு முந்தைய வருஷமே பிரித்து விற்றுவிட்டார்கள். இனி காற்று, மழை, எல்லை என்று எல்லா எச்சரிக்கையும் வள்ளத்துத் திரையில்தான் வரும். கடலுக்குப் போகிற ஒவ்வொருவரும் முகத்தைப் பதிய வேண்டும் என்று உத்தரவு. அறுபத்து மூன்று வள்ளங்கள், நூற்று எழுபத்தொரு பேர். இரண்டு நாளில் ஜெனோவா முடித்துக் கொடுத்தாள். கடைசி ஆள் எழுந்து போனதும் விரலைச் சொடுக்கிவிட்டு, குளிர்ந்துபோன டீயைக் குடித்தாள். எச்சரிக்கை மையத்து அலுவலர் தளவாய், மாவட்டத்திலேயே வேகம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் ஒரு நாள் மதியம் காற்று திரும்பியது. கரைக்குப் பக்கத்தில் நின்ற வள்ளங்கள், வேற்றூர்ப் படகுகள் ஓடுவதைப் பார்த்துத் தாங்களும் ஓடி வந்தன. இன்னாசியும் அவர் தம்பி தொபியாசும் மட்டும் தனியே தூரம் போயிருந்தார்கள். மூன்றாம் நாள் இன்னாசி ஒரு டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி கிடைத்தார். தொபியாஸ் கிடைக்கவில்லை. இருபத்தாறு வயது.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தளவாய் கையில் ஒரு காகிதத்தோடு நின்றார்.

"நாங்க காலைல பத்து இருபதுக்கே எச்சரிக்கை அனுப்பிட்டோம். ஆனா உங்க ஊர்ல ஒரு வள்ளம்கூட அதை வாங்கலை. வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க. நூத்தி எழுபத்தொரு பேரும்."

"எவன்யா சொன்னான்?" என்றார் இன்னாசி. தோள் கட்டோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "காத்தடிச்சா சொல்லாதேன்னு எவனாவது சொல்லுவானா? எங்கிட்ட எவன் கேட்டான்?"

"கேட்டதாத்தான் பதிவு இருக்கு. ஜூன் பன்னெண்டு, காலைல பதினொண்ணு நாப்பது."

"அன்னைக்கு இவரு ஜெனோவா கடையிலல்லா இருந்தாரு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

ஜெனோவா எழுந்தாள். ஒளிய நினைத்திருந்தால் ஒளிந்திருக்கலாம். உலாவியின் கோளாறு என்று சொன்னால் ஊர் நம்பியிருக்கும். அவளுக்கும் அந்த எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அருவருப்பாகவும் இருந்தது.

"நான்தான் அமுக்கினேன். எல்லாருக்கும். கட்டம் வந்தாலே வேண்டாம்னு அமுக்கிப் பழக்கம். என்ன கேட்டுச்சுன்னு நான் படிக்கலை."

மண்டபத்தில் ஒரே இரைச்சல். யாரோ ஒரு நாற்காலியைத் தூக்கினார்கள், வேறு யாரோ பிடுங்கிக் கீழே வைத்தார்கள். இன்னாசி அவளைத் திரும்பிப் பார்த்தார். கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. எழுந்து, கட்டுப் போட்ட தோளைச் சாய்த்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவளோடு அவர் பேசவில்லை.

அழுவதற்கு அவளுக்கு ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது. திங்கட்கிழமை காலை அவள் காலண்டரைப் பார்த்தாள். அக்டோபர் நடுவில் வாடைக்காற்று தொடங்கும். ஏழு வாரம். அதற்குள் மிச்சமிருந்த நூற்று எழுபது 'வேண்டாம்'களையும் திருப்ப வேண்டும்.

முதல் நாளே ஏழு பேரைக் கூட்டி வந்து கேமரா முன்னால் உட்கார வைத்தாள். அந்தக் கேள்வி வரவில்லை. ஒருமுறை கேட்டாகிவிட்டது, இனி கேட்காது. ரெமிஜியுஸ் என்பவன் தாடியை வழித்துவிட்டு வந்தான். சாயங்காலம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். திரை இரண்டு தடவையும் 'வணக்கம் ரெமிஜியுஸ்' என்றது.

"எம் பொஞ்சாதிக்கே அடையாளம் தெரியலைக்கா. இந்தச் சனியனுக்குத் தெரியுது" என்றான் அவன்.

உதவி எண்ணில் ஒரு பெண் இனிமையாகப் பதில் சொன்னாள். பதிலை மாற்ற, கேள்வி கேட்ட பக்கத்துக்குப் போகவும். அந்தப் பக்கத்தில் கேள்வியே இல்லை என்றாள் ஜெனோவா. ஆமாம், ஏற்கெனவே மறுக்கப்பட்டதால் காட்டப்படாது. அப்படியானால் எங்கே மாற்றுவது? கேள்வி கேட்ட பக்கத்துக்குப் போகவும். நாற்பது நிமிஷம் கழித்து ஜெனோவா போனை வைத்தாள். பதினான்கு கடிதம் எழுதினாள். இரண்டுக்குப் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி.

விதி இணையத்தில் பொதுவில்தான் கிடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கட்டத்துக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க உட்கார்ந்தாள். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் தொகுத்தவர்கள் பெயர் நான்கு இருந்தது. ஒன்று கிரிதரன், சென்னை. கடையைப் பூட்டிவிட்டு ரயில் ஏறினாள்.

கிரிதரன் ஐம்பதைத் தொடுகிற, ஒல்லியான ஆள். அலுவலகக் கேன்டீனில் அவளை உட்கார வைத்தார். "இருபது நிமிஷம் இருக்கு மேடம்" என்றார். ஜெனோவா நூற்று எழுபத்தொரு பெயர் எழுதிய தாளை டீ டம்ளருக்குப் பக்கத்தில் விரித்தாள். ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. நடந்ததைச் சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

"ஒரு சந்தேகம். அவங்க யாரும் வேண்டாம்னு அமுக்கலை, நீங்க அமுக்கினீங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"அவங்க முகம், உங்க கை." தலையைப் பிடித்துக்கொண்டார். "ஆறு வருஷம் கூட்டம் போட்டோம் மேடம். பதினேழு நாட்டு ஆளுங்க. ஒருத்தருக்காக இன்னொருத்தர் உட்கார்ந்து அமுக்குற இடம்னு ஒண்ணு இருக்குன்னு எங்க யாருக்குமே தோணலை."

"நம்ம நாட்டுல பாதிப் பேரு அப்படித்தான் சார் அமுக்குதாங்க."

"தெரிஞ்சிருக்கணும். எங்க அப்பாவே அப்படி ஒரு மையத்துக்குத்தான் போவார். ஆனா கூட்டத்துல உட்கார்ந்தா, அவர் ஞாபகம் வரலை."

"சரி, வேண்டாம்ங்கறதை ஏன் அம்புட்டுப் பெருசா வச்சிய? கையை வச்சா அதுலதான் விழுது."

"முப்பது வருஷமா அதை ஒரு மூலையில பொடி எழுத்துல ஒளிச்சு வெச்சிருந்தாங்க. அதனாலதான் பெரிசா, முதல்ல வெச்சோம். பெருமையாக்கூட இருந்துச்சு."

"மனசு மாறினா?"

"அந்தப் பக்கத்துக்குப் போய் மாத்திக்கலாம்னு எழுதினோம்."

"அந்தப் பக்கம்தான் கேள்வியைக் காட்டாதே."

"ம். அதை விதி வெளிவந்து ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பையன் சொன்னான். உலாவி செய்யற கம்பெனிக்காரங்க தனியா ஒரு பொத்தான் வைப்பாங்கன்னு நாங்க நினைச்சோம். நாங்க சொல்லுவோம்னு அவங்க இருந்துட்டாங்க."

"நல்லா நினைச்சிய" என்றாள் ஜெனோவா. "எதுக்கு சார் இப்படி ஒரு விதி? உண்மையைச் சொல்லுங்க."

கிரிதரன் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"என் தங்கை புருஷனை விட்டு வந்தா. அவன் பேசலாமான்னு கேட்டு அனுப்புவான். இவ வேண்டாம்னு அமுக்குவா. வேற பேர்ல, வேற நம்பர்ல திரும்பக் கேட்பான். ஒரு நாளைக்கு நூறு தடவை. ஒன்றரை வருஷம். ஒரு நாள் அசந்துபோய் சரின்னு அமுக்கிட்டா. அவன் வீட்டு வாசலுக்கே வந்துட்டான்." நிறுத்தினார். "அவ உயிரோடதான் இருக்கா. ஆனா அன்னைக்கு முடிவு பண்ணினேன். திரும்பக் கேக்க முடியும்னா அது மறுப்பே இல்லை. இந்த விதி வந்த பிறகுதான் அவ போனைத் தொடறா."

ஜெனோவாவுக்கு ஊரிலிருந்து கொண்டு வந்த கோபத்தில் ஒரு பகுதியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. மீதியை வைத்துக்கொண்டாள்.

"அவன் கேக்கக் கூடாதுங்கது நியாயம். நானே போயி மாத்தக் கூடாதுங்கது என்ன நியாயம்? கதவைச் சாத்தச் சொன்னா செவரு வச்சுக் கட்டியிருக்கிய."

"அடுத்த பதிப்புல சரி பண்ணலாம். நானே எழுதறேன்."

"எப்ப?"

"பதினெட்டு மாசம் ஆகும்."

"அக்டோபர்ல காத்து வரும் சார்."

அவர் தாளை மடித்து அவளிடமே கொடுத்தார். லிஃப்ட் வரை கூட வந்தார். கதவு திறந்த பிறகு, அவளைப் பார்க்காமல் சொன்னார்:

"விதிக்குப் படகு தெரியாது மேடம். முகம்தான் தெரியும். திரை யார் பேர்ல இருக்கோ அவங்களைத்தான் கேட்கும். ஆனா சத்தம் திரையிலதான் வரும். நான் இதைச் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ரயில் விழுப்புரம் தாண்டும்போது அவளுக்கு அது முழுதாகப் புரிந்தது. திரையை இதுவரை கேட்கப்படாத ஒரு முகத்தின் பேருக்கு மாற்ற வேண்டும். கடலுக்குப் போகிற ஆண் ஒருவன்கூட மிச்சமில்லை, அவளே எல்லோரையும் உட்கார வைத்திருந்தாள். கடலுக்குப் போகாதவர்களை யாரும் கேட்கவில்லை. ஊரில் பாதிப் பேர், பெண்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. திரையைத் தினமும் காலையில் அதன் உரிமையாளர் வள்ளத்துக்குள் வந்து முகம் காட்டித் திறக்க வேண்டும். அந்தோணியார்புரத்தில் பெண்கள் வள்ளத்தில் கால் வைப்பதில்லை.

மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெனோவா போய் நின்றாள். அவளிடம் முகம் கொடுத்துப் பேச யாருக்கும் விருப்பமில்லை. கடைசியில் மரியபுஷ்பம், ஊரிலேயே நாக்கு நீளமானவள், நிமிர்ந்தாள்.

"என்ன மதினி, இங்கயும் எதையாவது அமுக்க வந்தியளா?"

"இல்ல. இனி நீங்கதான் அமுக்கணும்."

விஷயத்தைச் சொன்னாள். ஏலம் எடுக்க வந்த ஆண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பொம்பளை காலு பட்டா வள்ளத்துல மீன் படாது" என்றார் ஒருவர்.

"இப்ப மட்டும் கொட்டுதாக்கும்" என்றாள் மரியபுஷ்பம். "எங் கழுத்துச் சங்கிலியை வச்சு எஞ்சின் வாங்கையில பொம்பளை நகைன்னு தெரியலையோ? எங்காலு மட்டும் ஆகாதோ?" கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்குச் சரி. மொதல் வள்ளம் எங்களது. அவரு மாட்டேன்னா அவருக்குச் சோறு கிடையாது, எழுதிக்கோ."

உரிமை மாற்றும் படிவம் இரண்டு பக்கம். ஜெனோவா எல்லாவற்றையும் நிரப்பினாள். கட்டம் வந்தால் மட்டும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். "வாசிச்சிட்டு நீங்களே அமுக்குங்க." வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் திரையையே வாசிக்க வைத்தாள். மூன்று நிமிஷ வேலை முக்கால் மணி நேரம் ஆனது. வரிசை சாலை வரை நீண்டது. மையத்தின் தனி அடையாளமாக இருந்த வேகம் செத்துப்போனது. கொஞ்சம் கூட்டம் பக்கத்து ஊருக்குப் போயிற்று. போகட்டும் என்று விட்டாள்.

எச்சரிக்கைக் கேள்வியோடு இன்னொன்றும் வந்தது. 'இந்த வள்ளம் இருக்கும் இடத்தை உங்கள் போனில் காட்டலாமா?' பெண்கள் அத்தனை பேரும் சரி என்று அமுக்கினார்கள். ஒரே வாரத்தில் ஊருக்குள் ஏழெட்டுச் சண்டை. ரெண்டு மணிக்குக் கரையேறின வள்ளத்துக்காரர் ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறார் என்றால், நடுவில் நாலு மணி நேரம் எங்கே? ரெமிஜியுஸ் வந்து கெஞ்சினான். "அக்கா, அந்த ஒரு கேள்வியை மட்டும் வேண்டாம்னு அமுக்கித் தாயேன்." ஜெனோவா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அக்டோபர் ஏழாம் தேதி ஆனபோது அறுபத்திரண்டு வள்ளங்கள் முடிந்திருந்தன. ஒன்றுதான் மிச்சம்.

இன்னாசிக்கு மனைவி இல்லை, எப்போதோ போய்விட்டாள். பிள்ளை கிடையாது. வேறு பெண்களைக் கேட்டுப் பார்த்தாள் ஜெனோவா. சாவு விழுந்த வள்ளம், அதில் மட்டும் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். மரியபுஷ்பம்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் கட்டைப் பிரித்துவிட்டு, கரை ஒதுங்கியதைப் புதிதாகப் பூசி, அதே வள்ளத்தில் இன்னாசி தனியாகக் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தார். ஊமைத் திரையோடு.

மறுநாள் விடியும் முன்பே ஜெனோவா கரைக்குப் போனாள். கையில் படிவம் இருந்தது. இன்னாசி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

அவர் நிமிரவில்லை.

"திரைக்கு ஒரு முகம் வேணும். கையெழுத்து மட்டும் போடுங்க. தினமும் நான் வந்து திறந்து தாரேன்."

இன்னாசி கயிற்றை முழுவதும் அவிழ்த்துச் சுருட்டி வைத்தார்.

"நீ யாருட்டி எனக்கு முகம் குடுக்க?"

"யாரும் இல்லை."

"ஒன்னைப் பாத்தா எனக்கு அவன் ஞாபகம் வருது. தினமும் காலையில அதைப் பாக்கணுமாக்கும் நான்?"

"ஆமா. பாக்கத்தான் வேணும். வேற ஆளு இல்லை. திட்டணும்னா திட்டிக்கோங்க, அஞ்சு நிமிசம் நிப்பேன். ஆனா காத்து வரும்போது இது கத்தணும்."

இன்னாசி அவளை மண்டபத்தில் பார்த்தது போலவே பார்த்தார். பிறகு படிவத்தை வாங்கி, எஞ்சின் மூடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஏறு என்று சொல்லவில்லை. வள்ளம் ஆடாமல் இருக்க விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். தொபியாஸ் உட்கார்ந்த பலகைக்குப் பக்கத்தில் திரை இருந்தது. கையெழுத்திட்ட படிவத்தைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு, பதினொரு வருஷம் கேமராவுக்குப் பின்னால் இருந்தவள் முதல் முறையாக அதன் முன்னால் குனிந்தாள்.

'வணக்கம். உங்களை முதன்முறையாகப் பார்க்கிறோம்.'

கட்டம் தோன்றியது. அவளுடைய ஆள்காட்டி விரல் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. பெரிய, முதலாவதான, பழகிய அந்தப் பொத்தானை நோக்கி. அவள் அதைச் செய்யவில்லை, விரல் செய்தது. கண்ணாடிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருக்கும்போது டீசல் வாடை அடிக்கிற ஒரு கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"படி" என்றார் இன்னாசி. "சத்தமாப் படி."

அவள் படித்தாள்.

"'கடலில் ஆபத்து நேரும்போது உங்களை எச்சரிக்கலாமா? இது ஒருமுறை மட்டும் கேட்கப்படும்.'"

நூற்று எழுபத்தொரு தடவை அவள் கண்ணெதிரே வந்துபோன வாக்கியம். இரண்டே வரி. படித்து முடிக்க ஐந்து நொடிகூட ஆகவில்லை.

இன்னாசி இன்னும் கையை விடவில்லை. ஜெனோவா இடது கையால் 'சரி'யை அமுக்கினாள். திரை ஒரு முறை உரக்க ஒலித்துக் காட்டியது. பக்கத்து வள்ளங்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் இறங்கினாள். முழங்கால் வரை நனைந்தது. இன்னாசி எஞ்சினைக் கிளப்பினார். வள்ளம் நகர்ந்த பிறகு, கடல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"அஞ்சு மணிக்குப் போயிருவேன். பிந்தினா நிக்க மாட்டேன்."

மறுநாள் நாலே முக்காலுக்கு அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.